கட்டம் டீச்சரும் அட்டைத் துண்டுகளும்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மேல் வகுப்புகளுக்குப் பொருளாதாரம் எடுப்பது. இன்னொன்று, பள்ளி முழுவதற்கும் டைம்டேபிள் போடுவது. முதல் வேலைக்குச் சம்பளம் வந்தது. இரண்டாவது வேலையால் பெயர் வந்தது. யார், எந்த வகுப்பில், எந்த பீரியடில் நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுகிறவர் என்பதால் மாணவர்கள் அவரைக் கட்டம் டீச்சர் என்றார்கள். பிறகு ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். வாசல் காவலாளிக்கு அவருடைய உண்மையான பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டுக்குக் கிடைக்காது. அதன்மேல் ஒரு பெரிய தாள் விரித்திருக்கும். தாள் முழுக்கக் கோடு. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வண்ண அட்டைத் துண்டுகள். கணக்குக்குச் சிவப்பு, வேதியியலுக்குப் பச்சை, தமிழுக்கு மஞ்சள், விளையாட்டுக்கு நீலம். ஒரு துண்டை எடுத்து ஒரு கட்டத்தில் வைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றுவார். மின்விசிறியைப் போடக் கூடாது, அட்டைகள் பறந்துவிடும். அவர் கணவர் பஸ் டிரைவர். அந்த ஒரு வாரமும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபடி சாப்பிடுவார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற முதுகுக்கு நின்று சாப்பிடுவது நல்லதுதான் என்பார். வியர்த்துக்கொண்டே சொல்வார்.

டீச்சர் அதை வெறும் கணக்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருடைய சௌகரியத்தையும் மனதில் வைத்திருந்தார். கணக்கு சார் ஒருமுறை, காலையில்தான் பிள்ளைகள் மண்டையில் கணக்கு ஏறும் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு வாரம் முழுக்க முதல் பீரியட். வேதியியல் டீச்சரின் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, காப்பகம் சீக்கிரம் மூடிவிடுகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குக் கடைசி பீரியட் ஓய்வு. தமிழ் டீச்சருக்குத் தொண்டை மென்மையானது, அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூங்குமூஞ்சி பீரியடில் அவர் கத்த வேண்டியதில்லை. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவதில் அவருக்கு ஒரு பெருமை. யாரும் வந்து கேட்கவும் இல்லை.

பொருளாதாரம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்தது அல்ல. அப்பா பழைய மரச்சாமான் வியாபாரி. மேஜை, நாற்காலி, கால் ஆடுகிற கட்டில், கண்ணாடி போன பீரோ. பள்ளி விடுமுறையில் அவர் அப்பாவின் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாற்காலியை விற்றவர், "நல்ல வேளை, இடத்தை அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு" என்று போவார். அதே நாற்காலியை மறுநாள் வாங்கியவர், "நல்ல வேளை, யாரும் கண்ணு வைக்கறதுக்குள்ள கிடைச்சுது" என்று போவார். நடுவில் அப்பாவும் சந்தோஷமாக இருப்பார். ஒரே நாற்காலி, மூன்று பேருக்கும் லாபம், தோற்றவர் யாரும் இல்லை. விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிக்க ஒருவர் தோற்க வேண்டும் என்று நினைத்திருந்த சிறுமிக்கு இது பெரிய ஆச்சரியம். கல்லூரியில் போய் அதற்குப் பெயர்கள் கற்றுக்கொண்டார். சுதந்திரமான பரிமாற்றம், சிதறிக் கிடக்கும் அறிவு, விலை என்கிற செய்தி. எந்த மனிதருக்கு எது வேண்டும் என்பது அந்த மனிதருக்குத்தான் தெரியும், மேலே உட்கார்ந்து ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்மானிக்க முடியாது என்று சொல்கிற பொருளாதார வழி அவருடையது. அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் அது சொன்னது.

இத்தனை வருடம் அதைக் கற்பித்தார். இத்தனை வருடம் கட்டமும் போட்டார். இரண்டும் ஒரே ஆள் செய்கிற வேலை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அந்த வருடம் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம். பொருளாதாரப் பிரிவில் சேருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த முறை இருபது பேராவது சேராவிட்டால் பிரிவை மூடிவிட நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. டீச்சருக்கு வேலை போகாது, கவலை வேண்டாம். அலுவலகத்தில் தனி அறை, தனி மேஜை. டைம்டேபிள், தேர்வு அட்டவணை, அறை ஒதுக்கீடு, எல்லாவற்றுக்கும் முழுநேரப் பொறுப்பு.

"உங்களை மாதிரி கட்டம் போட யாராலயும் முடியாதும்மா. நிம்மதியா உக்காந்து அதை மட்டும் பாருங்களேன்" என்றார் தலைமையாசிரியர். பாராட்டாகத்தான் சொன்னார்.

பாடம் இல்லாமல் கட்டம் மட்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்கிறவர்கள் மேல் வகுப்பில் என்ன எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு ஒன்றாக இரண்டு அறிமுக வகுப்புகள் உண்டு. முதல் வகுப்புக்கு டீச்சர் ஒரு பை நிறையப் பொருள்களோடு போனார். பேனா, சாக்லேட், சாவிக்கொத்து, பழைய காமிக்ஸ், சோப்பு, தலைக்குப் போடும் கிளிப். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். கையில் வந்தது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கரும்பலகையில் எழுதிக் கூட்டினார். பரிதாபமான கூட்டுத்தொகை. உயரமான பையன் ஒருவன் கையில் தலைக் கிளிப்போடு நின்றான்.

பிறகு, இஷ்டமிருந்தால் யாரோடும் மாற்றிக்கொள்ளலாம், இஷ்டமில்லாவிட்டால் சும்மா இருக்கலாம் என்றார். அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பிலிருந்து சரித்திர ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சத்தம் அடங்கியதும் மறுபடி மதிப்பெண் கேட்டுக் கூட்டினார். முன்னதைவிட ஏகத்துக்கு அதிகம்.

"நான் புதுசா ஒரு பொருளும் கொண்டு வரல. பையில இருந்த அதே பேனா, அதே சோப்பு. யாரையும் கட்டாயப்படுத்தல. அப்புறம் எப்படிக் கூடுச்சு? எங்கிருந்து வந்துச்சு இது?"

வகுப்பு அமைதியாகக் கரும்பலகையைப் பார்த்தது. இந்த அமைதிக்காகத்தான் டீச்சர் இந்த வேலையில் இருந்தார். அவரே பதிலையும் மெல்ல எடுத்துக் கொடுத்தார். யாருக்கு எது பிடிக்கும் என்று பையைக் கொண்டுவந்த எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கையில் விட்டதால் கூடியது. நானே யோசித்து யோசித்துப் பங்கு போட்டிருந்தாலும் இவ்வளவு வந்திருக்காது.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. வகுப்பிலேயே குட்டையான பெண், அதனால் எல்லோருக்கும் கொசுறு. உடம்புதான் கொசுறு, வாய் முழு அளவு.

"டீச்சர், அப்போ எங்க ஸ்கூல் டைம்டேபிளை மட்டும் ஏன் நீங்களே யோசிச்சு யோசிச்சுப் போடுறீங்க?"

சிரிப்பு கிளம்பியது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் நீண்ட சிரிப்பு. டீச்சர் வாயைத் திறந்தார். "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கொசுறு கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. மணியைத் தவிர வேறு யாரும் அன்று அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

மாலைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. கட்டம் டீச்சரே கட்டத்தில் மாட்டிக்கொண்டாராம். அடுத்த வாரம் இரண்டாவது அறிமுக வகுப்பு. அதற்கு மறுநாள் மாணவர்கள் எந்தப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார், சொல்லி முடிந்ததும் அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு என்றார். அவர்கள் டிப்போவில் மேலாளர் ஒரு டூட்டி அட்டவணை ஒட்டுவார். அது வெறும் ஆரம்பம். மகனுக்குப் பரீட்சை என்று ஒருவர் காலை வண்டியைக் கொடுத்துவிட்டு இரவு வண்டி வாங்கிக்கொள்வார். மலைப்பாதை பிடிக்கிறவர் மலைப்பாதை எடுப்பார். வெள்ளிக்கிழமை பார்த்தால் ஒட்டின தாளுக்கும் ஓடுகிற வண்டிக்கும் சம்பந்தமே இருக்காது. வண்டி மட்டும் நேரத்துக்குப் போகும்.

"மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"வண்டிக்கு டிரைவர் இருக்கானான்னு பார்ப்பாரு. எந்த டிரைவர்னு அவருக்கு எதுக்கு?"

சாப்பிட்டு முடித்ததும் டீச்சர் மேஜையைத் துடைத்துத் தாளை விரித்தார். கணவர் மின்விசிறியை நிறுத்தினார். வெகுநேரம் கழித்து வந்து பார்த்தபோது மனைவி முகமெல்லாம் மலர்ச்சி. முடித்துவிட்டாராம். கணக்கு சார் இதைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டால் நல்லது, தமிழ் டீச்சர் இவரோடு மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று யார் யாரோடு எதை மாற்ற வேண்டும் என்பதை ஒன்று விடாமல் எழுதிவிட்டார். நாளைக்கு எல்லோரிடமும் கொடுத்துவிட்டால் போதும், மாற்றிக்கொள்வார்கள்.

கணவர் தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

"ஏம்மா, சந்தையையும் நீயே நடத்தி முடிச்சுட்டியா? அப்ப அவங்க எதுக்கு வரணும்?"

டீச்சருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதை மடித்துக் கால் ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்தார். அது அப்பாவின் கடையில் விற்காமல் தங்கிப்போன மேஜை.

மறுநாள், ஆசிரியர்களே பீரியட்களை மாற்றிக்கொள்ள விட்டுப் பார்க்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் ஒரு வாரம் கேட்டார். அவர் நெற்றியைத் தேய்த்தார். ஏதாவது ஒரு வகுப்பு ஒரு பீரியட் ஆசிரியர் இல்லாமல் இருந்தாலும் அன்றோடு சரி என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

ஆசிரியர் அறைச் சுவரில் துணி போர்த்திய பலகை ஒன்று இருந்தது. பழைய சுற்றறிக்கைகளை எடுத்துவிட்டு அதில் கட்டத்தாளை ஒட்டி, எல்லா அட்டைகளையும் வழக்கமான இடத்தில் குண்டூசியால் குத்தினார். கீழே இரண்டு விதி மட்டும் எழுதினார். எந்த வகுப்பும் ஆசிரியர் இல்லாமல் இருக்கக் கூடாது. இருவருக்கும் சம்மதம் என்றால் மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். என்னையும்கூட, என்று சேர்த்து எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் ஒருவரும் பலகைப் பக்கம் போகவில்லை. ஏதோ சோதனை வைக்கிறார், தொட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தார்கள். விளையாட்டு ஆசிரியர் மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, நீலம் நல்ல நிறம் என்று கருத்துச் சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் விடைத்தாள் திருத்துவதுபோல உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் இதை இதோடு மாற்றுங்கள் என்று சொல்ல அவர் கை துறுதுறுத்தது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் இடைவேளையில் வேதியியல் டீச்சர் எழுந்தார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வயதில் இவர் மூத்தவர், அதனால் கட்டம் டீச்சருக்கு அக்கா. அக்கா பலகை முன் நின்று, இயற்பியல் சாரைக் கண்ணால் கூப்பிட்டார். ஏதோ கிசுகிசுத்தார்கள். பத்தாம் வகுப்புக் கட்டத்தில் ஒரு பச்சை அட்டை இரண்டாம் பீரியடிலிருந்து கழன்று கடைசி பீரியடுக்குப் போனது. இயற்பியல் சாரின் அட்டை அந்த இடத்துக்கு வந்தது.

கட்டம் டீச்சர் பேனாவை வைத்துவிட்டார். "அக்கா, அது கடைசி பீரியட். உங்க ஓய்வு போயிடுது."

"தெரியும்."

"பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்னுதானே நான் அதை…"

"பாப்பாவா? அவ வேலைக்கே போறாடீ. என்னைக் கூட்டிட்டு வர அவதான் வரணும்."

அறையே சிரித்தது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினார். அவர் வீடு திரும்புவது தாவரவியல் டீச்சரின் ஸ்கூட்டரில். அந்த டீச்சருக்குக் கடைசி மணி வரை வகுப்பு. அதனால் தினமும் கடைசி பீரியடில் அக்கா ரசாயனப் பாட்டில்களுக்கு நடுவே ஸ்டோர் அறையில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உண்மையில் அவருக்கு மூச்சு முட்டுவது காலையில். முதல் பீரியட் சோதனைக்கூடம் முடிந்ததும் குடுவைகளைக் கழுவி வைக்க ஒரு நிமிடம் இருக்காது, அப்படியே அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும்.

"இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"நீ ஆசையா கொடுத்த. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

கட்டம் டீச்சரின் முகம் சிவந்தது. அக்கா அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

அதன் பிறகு கூச்சம் விட்டுப்போனது. கணக்கு சார் தன்னுடைய முதல் பீரியட்களை யாராவது எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டார். காலையில்தான் கணக்கு ஏறும் என்றவர் இவர்தானே என்று எல்லோரும் திரும்பினார்கள். அது அந்தக் காலம் என்றார். பிறகு, யாரும் சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டு வருடமாக நீச்சல் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். காலையில் குளத்திலிருந்து அப்படியே ஓடி வர வேண்டியிருக்கிறது. அவர் தலை ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று பள்ளியில் நடந்துவந்த நீண்ட ஆராய்ச்சி அத்தோடு முடிவுக்கு வந்தது. யாரும் சிரிக்காமல் இல்லை.

யாருக்கும் வேண்டாத சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடை ஆசையோடு கேட்டு வாங்கியவர் தமிழ் டீச்சர். தூங்குகிற பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட அதைவிட நல்ல நேரம் கிடையாது என்றார். தொண்டை என்று கட்டம் டீச்சர் இழுத்தபோது, தொண்டைக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறது என்று பாடிக் காட்டினார்.

புதன்கிழமை அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. இடைவேளையில் மைதானத்தில் வெயிலில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை ஒன்று உண்டு. மைதான டூட்டி. எல்லோருக்கும் முறை வரும், எல்லோரும் வெறுப்பார்கள். சரித்திர ஆசிரியருக்குத் தமிழ் டீச்சரின் காலை பீரியட் ஒன்று வேண்டியிருந்தது, ஆனால் பதிலுக்குக் கொடுக்க அவரிடம் தமிழ் டீச்சருக்குப் பிடித்த நேரம் எதுவும் இல்லை. "உங்க மைதான டூட்டியை நான் பார்க்கறேன்" என்றார். மாறிவிட்டது. அடுத்த நாள் இன்னொருவர் தன் பீரியடுக்கு இரண்டு மைதான டூட்டி கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள், எந்த பீரியடுக்கு எத்தனை மைதான டூட்டி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திங்கள் முதல் பீரியட் மலிந்துபோனது. வெள்ளி கடைசி பீரியட் ஓய்வு எட்டாத உயரத்துக்குப் போனது. சாக்பீஸ் பிடித்த கைகளுக்கு நடுவே யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு நாணயம் பிறந்து, அதற்கு விலையும் வந்துவிட்டது. விளையாட்டு ஆசிரியருக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்களுடைய மைதான டூட்டிகளை ஏற்றுக்கொண்டு பதிலுக்கு நல்ல பீரியட்களாக வாங்கிக் குவித்து, அந்த வாரம் ஆசிரியர் அறையிலேயே பெரிய பணக்காரராக உலவினார்.

எந்த வகுப்பும் ஆசிரியர் இல்லாமல் இருக்கவில்லை.

இரண்டாவது அறிமுக வகுப்புக்கு டீச்சர் பையைக் கொண்டு போகவில்லை. பலகையையே கழற்றிக்கொண்டு போனார். கணக்கு சாரும் விளையாட்டு ஆசிரியரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி வந்து கரும்பலகைக்கு முன்னால் சாய்த்து வைத்தார்கள். டீச்சர் முதலில் கொசுறைப் பார்த்துப் பேசினார். போன வாரம் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பதிலே இல்லை, இதோ பதில் என்றார். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அக்காவின் ஸ்டோர் அறைக் கொட்டாவியைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. சந்தையையே முன்கூட்டி எழுதி முடித்ததைச் சொன்னபோது இன்னும் சிரித்தது. மைதான டூட்டி நாணயமான கதைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பலகையை எட்டிப் பார்த்தார்கள்.

கொசுறின் கை மறுபடி எழுந்தது.

"டீச்சர், என் தம்பி எட்டாம் வகுப்பு பி. அவங்களுக்கு இப்ப செவ்வாய்க்கிழமை கணக்கு ரெண்டு பீரியட் சேர்ந்தாப்ல வருது. மாத்திக்கிட்ட ரெண்டு பேருக்கும் சம்மதம், சரி. உள்ள உக்காந்திருக்கறவன்கிட்ட யாரு கேட்டாங்க?"

கதவருகே நின்றிருந்த கணக்கு சார் கூரையைப் பார்த்தார்.

நாளைக்கு எழுதிக் கொடுக்கப்போகிறவர்கள் எதிரே இருக்கிறார்கள். இன்னொரு முறை அது வேற இது வேற என்றால் கதை முடிந்தது. டீச்சர் பலகைக்குப் போய் அந்த இரண்டு சிவப்பு அட்டைகளையும் பார்த்தார்.

"யாரும் கேக்கல. நானும் கேக்கல. விதியை எழுதும்போது பிள்ளைங்க எனக்குத் தோணவே இல்ல" என்றார். "இப்ப என்ன செய்யலாம்னு நீங்க சொல்லுங்க."

போன வாரம் தலைக் கிளிப் எடுத்த உயரமான பையன், பழையபடி நீங்களே போட்டுவிடுங்கள் என்றான். கொசுறின் தம்பிக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதே என்றார் டீச்சர். பாதுகாப்பாக ஏதாவது விதி போடலாம் என்றாள் ஒருத்தி, எந்தப் பாடமும் சேர்ந்து வரக் கூடாது என்று. விளையாட்டு சேர்ந்து வந்தால் உனக்குக் கசக்குமா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். ஆளாளுக்குப் பேசினார்கள். டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இந்த வாரம் அதில் அவருக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

"அவங்க கையிலயும் ஒரு அட்டையைக் கொடுங்க" என்றாள் கொசுறு. "ஒரு பாடம் ரெண்டு பீரியட் சேர்ந்து வரணும்னா அந்த வகுப்போட அட்டையும் பலகையில ஏறணும். வேணும்னா சார் போய் அவங்ககிட்ட பேரம் பேசட்டும்."

கல்லூரியில் இந்த இடத்துக்கு வந்து சேர டீச்சருக்கு இரண்டு வருடம் ஆனது. யாருக்கு எதன்மேல் உரிமை என்று முதலில் தெளிவாகட்டும், பிறகு அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நீண்ட நீண்ட வாக்கியங்களில் படித்தது. அதை வகுப்பிடம் சொன்னார். இதைப் பற்றித் தன் வழிக்காரர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளாத பொருளாதார அறிஞர்களும் நிறைய உண்டு, அவர்களிடமும் நல்ல கேள்விகள் இருக்கின்றன, சேருகிறவர்களுக்கு அதையும் சேர்த்தே சொல்லித் தருவேன் என்றார். மணி அடித்தது. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

வகுப்புக்கு ஒன்றாக வெள்ளை அட்டைகள் வெட்டப்பட்டன. திங்கள்கிழமை கணக்கு சார் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குப் பேரம் பேசப் போனார். போகும்போது நிமிர்ந்து போனவர் வரும்போது தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுப்பாடம் கிடையாது என்று ஒப்புக்கொண்டுதான் வெள்ளை அட்டையை வாங்க முடிந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பொடிசுகள் கறாரான ஆட்கள், இனிமேல் நீச்சல் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை தலையைத் துவட்டிக்கொண்டு நிதானமாகத்தான் வந்தார்.

எழுதிக் கொடுத்த பெயர்களைத் தலைமையாசிரியர் எண்ணினார். இருபதைத் தாண்டிப் போனது. அலுவலகத் தனி அறையில் ஏற்கெனவே போட்டிருந்த மேஜையை என்ன செய்வது என்று கேட்டார். யாருக்காவது வேண்டியிருக்கும், கேட்டுப் பாருங்கள் என்றார் டீச்சர். உயரமான பையன் பெயர் இருந்தது. ஏற்றுக்கொள்ளப்படாத விதியைச் சொன்ன பெண்ணின் பெயரும் இருந்தது. டீச்சர் இரண்டு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கொசுறின் பெயர் இல்லை. அவள் உயிரியல் எழுதியிருந்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவர், பிரிவு பிழைத்ததே, அப்புறம் என்ன என்றார். சரிதான் என்றார் டீச்சர். யாருக்கு எது வேண்டும் என்பது அவரவருக்குத்தான் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இதற்கு வருத்தப்பட முடியாது. இருந்தாலும் பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் வருத்தப்பட்டார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவர் ஒட்டி வைத்திருந்த வீட்டு வேலை அட்டவணைப்படி அன்று அவர் முறை இல்லை. காலையில் துணி துவைப்பதைக் கணவருக்குக் கொடுத்து அதை வாங்கியிருந்தார்.

புது வருடம் தொடங்கியது. சாப்பாட்டு மேஜையில் தாள் ஒரே ஒரு மாலை விரிந்து கிடந்தது. டீச்சர் அட்டைகளைச் சும்மா ஒரு ஆரம்பத்துக்கு அடுக்கிப் பலகையில் குத்திவிட்டு வந்துவிட்டார். மீதி நாள் முழுக்க மின்விசிறி ஓடியது, கணவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பொருளாதாரத்தின் முதல் வகுப்பில் பாதி நேரம் போயிருக்கும். டீச்சர் பையிலிருந்த பொருள்களை மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தார். கதவருகே ஒரு குட்டை நிழல்.

"நீ உயிரியல்தானே. இந்த நேரத்துல எங்க இருக்கணும்?"

"லைப்ரரியில டீச்சர். லைப்ரரியன் சார்கிட்ட பேசிட்டேன். வாரத்துல இந்த ஒரு பீரியட் இங்க உக்காந்துக்கறேன், பதிலுக்குச் சாப்பாட்டு நேரத்துல புத்தகம் அடுக்கிக் கொடுக்கறேன்."

"என்னை யாரும் கேக்கலையே?"

"ரெண்டு பேருக்கும் சம்மதம் டீச்சர்" என்ற கொசுறு, ஒரு கணம் யோசித்து வகுப்பைப் பார்த்தாள். "இவங்களுக்கும் சம்மதமான்னு கேட்டுட்டு உக்காரவா?"

உயரமான பையன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். டீச்சர் பையை அவள் பக்கம் நீட்டினார், கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடு என்று. கையில் வந்தது சோப்பு. கொசுறு அதை முகர்ந்து பார்த்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே, காமிக்ஸ் யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.